கேடி விழும் முன்

தீபாவளி கழிந்து முதல் செமஸ்டர் ரிசல்ட் வரத் தொடங்கும் நாட்களில் கல்யாண், டோம்பிவிலி, உல்லாஸ்நகர், அம்பர்நாத் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். "பன்னிரண்டாவதுல அவ்வளவு மார்க் வாங்கினவன், இப்ப ரெண்டு கேடியோட நிக்கிறான்." அப்பா இதை வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வார். அம்மா திருநெல்வேலிக்கோ பாலக்காட்டுக்கோ போன் பேசும்போது மட்டும் இதைச் சொல்லமாட்டார். பிள்ளை பதில் பேசாது. தனக்கு என்ன நடந்தது என்று அதற்கே தெரியாது.

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஒன்றிரண்டு பாடங்களில் தேறாவிட்டாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்டதைப் பின்னால் எழுதித் தேறிக்கொள்ளலாம் என்பது மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஏ.டி.கே.டி. விதி. தமிழ்நாட்டில் 'அரியர்' என்பதை இங்கே பேச்சில் 'கேடி' என்கிறோம். மாணவருக்கு மூச்சுவிட இடம் தரத்தான் அந்த விதி வந்தது. ஆனால் எஃப்.ஒய்.யில், அதாவது முதலாண்டில், விழுகிற கேடி லேசில் போவதில்லை. இரண்டாம் செமஸ்டர் பாடங்களோடு பழைய தாளும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் நேரம் போதாமல் மூன்றாவதாக ஒன்று விழுகிறது. பொறியியல் மாணவர்களிடம் கேட்டால் முதல் வருடக் கணக்குத் தாளை எத்தனை தடவை எழுதினார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

இந்தப் பிள்ளைகள் மூளை இல்லாமல் விழவில்லை. பெரும்பாலானவர்கள் சோம்பேறிகளும் இல்லை. கல்லூரி எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லாததால், யாரைக் கேட்பது என்று தெரியாததால், தனியாகவே படித்துத் தனியாகவே விழுகிறார்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வருந்த வேண்டிய விஷயம் இது. பெரிய செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய விஷயமும்கூட.

ஜூனியர் காலேஜ் கொடுத்த பழக்கம்

மகாராஷ்டிரத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளை 'ஜூனியர் காலேஜ்' என்கிறார்கள். பல இடங்களில் அது பட்டக் கல்லூரியின் அதே வளாகத்திலேயே நடக்கிறது. கல்யாணின் பிர்லா கல்லூரியோ, சயானின் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியோ, மாட்டுங்காவின் ரூயியாவோ, ஒரு மாணவி பதினாறு வயதிலேயே அந்த வாசலைத் தாண்டிவிடுகிறாள். அதனால் எஃப்.ஒய். தொடங்கும்போது புதிய இடத்துக்கு வந்திருக்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை. அதே கேன்டீன், அதே ஜெராக்ஸ் கடை, பாதிக்கு மேல் அதே தோழிகள்.

பழக்கமும் அதேதான். ஜூனியர் காலேஜில் பாடம் நடந்த இடம் பெரும்பாலும் வெளியே இருந்த கோச்சிங் கிளாஸ். கல்லூரி லெக்சருக்குப் போகாமலே இரண்டு வருடம் கழிந்திருக்கும். கிளாஸ்காரர்கள் நோட்ஸ் கொடுத்தார்கள், வாராவாரம் டெஸ்ட் வைத்தார்கள், மார்க் குறைந்தால் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பினார்கள். பட்டப்படிப்பில் கலை, வணிகம், அறிவியல் எதை எடுத்தாலும் அப்படிப் பின்னாலேயே வந்து எழுப்புகிறவர் யாருமில்லை. லெக்சரில் சொன்னதுதான் பாடம். அதற்குப் போகாதவருக்கு இருப்பது பரீட்சைக்கு முந்தின வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப். மட்டும்தான். 75 சதவீத வருகை வேண்டும் என்ற விதி நினைவுக்கு வருவதே டிஃபால்டர் லிஸ்டில் பெயர் ஒட்டப்பட்ட பிறகுதான்.

இதோடு புதிய கல்விக் கொள்கையின் பாட அமைப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து மகாராஷ்டிரத்தின் இணைப்புக் கல்லூரிகளிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பட்டம் நான்கு ஆண்டு வரை நீளும். ஓராண்டோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமா, மூன்றில் பட்டம், நான்கில் ஹானர்ஸ். ஒரு செமஸ்டருக்கு ஏறத்தாழ 22 கிரெடிட். அந்த 22-க்குள் மேஜர், மைனர், ஓப்பன் எலெக்டிவ், திறன் பாடம், மொழிப் பாடம், மதிப்புக் கல்வி, இந்திய அறிவு மரபு என்று சிறிதும் பெரிதுமாகப் பல தாள்கள். அட்டவணையில் அவை ஏ.இ.சி., வி.இ.சி., எஸ்.இ.சி., ஐ.கே.எஸ். என்று எழுத்துக்களாகத்தான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் பட்டம் படித்த வீட்டிலேயே இது புரியாது. அவர்கள் படித்த காலத்தில் இது இல்லை.

மாணவர் செய்வது என்ன? மேஜர் பாடத்தைக் கருத்தாகப் படிக்கிறார். இரண்டு கிரெடிட் தாள்களை 'அது சும்மா' என்று விட்டுவிடுகிறார். கேடி விழுவது பல நேரம் அந்தச் சும்மாத் தாளில்தான். உள்மதிப்பீட்டு மார்க் அதில் கணிசம். அசைன்மென்ட் கொடுக்காமல், பிரசன்டேஷன் நாளில் வராமல் இருந்துவிட்டு எழுத்துத் தேர்வில் சமாளிக்கலாம் என்று நினைப்பவர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். லேப் உள்ள பாடம் என்றால் ஜர்னலில் கையெழுத்து வாங்காதவருக்கும் இதே கதி.

இதற்குத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1904-ல் ஸ்ரீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணக்கில் அவருக்கு இணை யாருமில்லை. மற்ற பாடங்களைத் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லாமலேயே அவர் மேதையானார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, தோற்றால் பரவாயில்லை என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த வருடங்களில் அவர் பட்ட வறுமையையும், வேலைக்காக வீடு வீடாக ஏறி இறங்கியதையும் யாரும் பேசுவதில்லை. வி. ராமசாமி ஐயரும் ராமச்சந்திர ராவும் நாராயண ஐயரும் துணைக்கு வந்த பிறகுதான் அவருக்கு வழி திறந்தது. அந்தத் துணை கும்பகோணத்து முதல் வருடத்திலேயே கிடைத்திருந்தால் எவ்வளவு துன்பம் தவிர்ந்திருக்கும்.

ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது: சிலபஸையும் கிரெடிட் அட்டவணையையும் அச்செடுத்து மேசையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை மார்க், அதில் உள்மதிப்பீடு எவ்வளவு, எழுத்துத் தேர்வு எவ்வளவு, இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டுமா என்று அலுவலகத்திலோ ஆசிரியரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி வேறு, பல்கலைக்கழகத்தின் நேரடி இணைப்பில் உள்ள கல்லூரிகளில் வேறு. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படியே, ஓராண்டுச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று யாராவது வீட்டில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் காகிதத்தை நம்பி வேலை கொடுப்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பணம் முடையாக இருந்தால் நிறுத்துவதற்கு முன் கல்லூரியில் உதவித்தொகை பற்றிக் கேளுங்கள்.

ரயிலில் போகும் 225 மணி நேரம்

கல்யாண் மாணவரின் வாழ்க்கையில் கல்லூரிக்குச் சமமாக இடம்பிடிப்பது மத்திய ரயில்வே. 1854-லேயே இங்கு ரயில் வந்துவிட்டது. கர்ஜத் பாதையும் கசாரா பாதையும் பிரிகிற ஜங்ஷன் இது. தாதரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஃபாஸ்ட் வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாட்டுங்காவிலோ சயானிலோ படிப்பவர் குர்லாவிலோ தாதரிலோ இறங்கி ஸ்லோவுக்கு மாற வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, பிளாட்பாரத்தில் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் போகவர மூன்று மணி நேரம் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு.

ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். 225 மணி நேரம் பயணத்தில் போகிறது. 22 கிரெடிட்டுக்கு ஒரு கிரெடிட் பதினைந்து மணி என்று பெருக்கினால் வகுப்பு நேரமே 330 மணிதான். வகுப்பில் இருக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒருவர் ரயிலில் இருக்கிறார். கல்லூரிக்கு எதிர்த் தெருவில் வீடு உள்ளவரும் இவரும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள்.

இழப்பு நேரத்தோடு நின்றால் பரவாயில்லை. நாலரை மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதால் கல்யாண் மாணவர் கடைசி லெக்சர் முடிந்ததும் ஓடுகிறார். நூலகத்தில் உட்காருவதில்லை. ஆசிரியர் அறை வாசலில் நின்று சந்தேகம் கேட்பதில்லை. கேன்டீனில் மற்றவர்கள் சேர்ந்து அசைன்மென்ட் பேசும்போது இவர் முலுண்டைத் தாண்டியிருப்பார். வகுப்பில் இவர் பெயர் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அமெரிக்கக் கணித ஆசிரியர் யூரி டிரைஸ்மன் செய்த வேலை எனக்கு நினைவு வரும். 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக் கால்குலஸ் தாளில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை, ஏழ்மை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் இரு தரப்பிலும் இருபது இருபது மாணவர்களைத் தேர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்ன சொல் தவறாமல் வாரத்துக்கு எட்டு மணி நேரம் கணக்குப் போட்டார்கள். ஆனால் இருபதில் பதினெட்டுப் பேர் வகுப்புத் தோழர் எவரோடும் சேர்ந்து படித்ததே இல்லை. சீன மாணவர்கள் முதலில் எட்டுப் பத்து மணி நேரம் தனியே போட்டுவிட்டு, பிறகு மாலையில் ஒன்றுகூடிச் சமைத்துச் சாப்பிட்டு, ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். எல்லோருக்கும் தப்பாக வந்த கணக்கு கடினமான கணக்கு. தனக்கு மட்டும் தப்பாக வந்தால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவர்களுக்கு அங்கேயே தெரிந்தது. தனியாக இருந்தவருக்கு இந்த வேறுபாடு கடைசி வரை தெரியவில்லை. டிரைஸ்மன் கறுப்பின மாணவர்களையும் சேர்ந்து உட்கார்ந்து கடினமான கணக்குகளைப் போட வைத்தார். அவர்கள் தேறினார்கள்.

கல்யாண் பிள்ளைகளுக்கு அந்த மாலைச் சந்திப்பு கிடைக்காது என்று சொல்லிவிட முடியாது. கூட்டம் சேர்ப்பதில் மும்பை லோக்கலுக்கு நிகரான இடம் எது? ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், ஒரே கதவருகே வருடக்கணக்காகச் சந்திக்கும் குழுக்கள் இங்கே உண்டு. பஜனை பாடும் மண்டலிகள் உண்டு. லேடீஸ் பெட்டியில் மாலையில் காய் நறுக்கியபடியே குடும்பக் கதை பேசி ஒருவருக்கொருவர் துணையாகிவிட்ட பெண்கள் உண்டு. தசரா வந்தால் பெட்டிக்கே மாலை போட்டுப் பூஜை செய்கிறவர்கள் நாம். ஒரே கல்லூரியில், அல்லது ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பாடத்தில் இருக்கும் மூன்று நான்கு மாணவர்கள் ஒரு குறிப்பிட்ட வண்டியில் சேர்ந்து போவது இதைவிடக் கடினமா?

காலை நெரிசலில் புத்தகத்தைத் திறக்க முடியாது. வாய் திறக்க முடியும். நேற்று லெக்சரில் சொன்னதை ஒருவர் கேட்க, மற்றவர் புத்தகம் பார்க்காமல் சொல்லலாம். அதற்கு நின்றபடி போகும் பயணமே போதும். இது நேரம் போக்கும் விளையாட்டு இல்லை. ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒரு தடவை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதி எழுதிச் சோதித்துக்கொண்டவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது. வாசித்த ஐந்தாவது நிமிடத்தில் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். அதனால்தான் ஹைலைட்டரால் மஞ்சள் பூசிய நோட்ஸைப் படித்தவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. பரீட்சை ஹாலில்தான் ஒன்றும் வராமல் போகிறது. நம் பாட்டிமார் வாய்ப்பாட்டை ஒருவர் கேட்க ஒருவர் ஒப்பிக்கச் சொன்னதும் இதே முறைதான்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் கதவருகே தொங்கிக்கொண்டு போகாதீர்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே நெரிசல் வண்டிகளிலிருந்து பயணிகள் விழுந்து உயிரிழந்தது நம் பாதையில்தான். ஒரு லெக்சர் போனால் போகட்டும், அடுத்த வண்டியில் வாருங்கள். காலை எட்டு மணிக்கு முதல் லெக்சர் வைத்துவிட்டு, ரயில் தாமதத்தை நம்ப மறுக்கும் கல்லூரிகளும் இதை யோசிக்க வேண்டும்.

குழு என்றால் வாட்ஸ்அப் குழு என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. ஒருவர் எழுதிய அசைன்மென்ட்டை இருபது பேர் பெயர் மாற்றிக் கொடுப்பதும், செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதை அப்படியே ஒட்டுவதும் சேர்ந்து படிப்பதாகாது. உள்மதிப்பீட்டு மார்க் வந்துவிடும். எழுத்துத் தேர்வில் பேனா நகராது. டிரைஸ்மன் பார்த்த மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூடினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

தாராவியில் ஒரு மேசை

கல்யாணுக்கு ரயில் என்றால் தாராவிக்கு இடம். ஒரே அறையில் ஐந்தாறு பேர், மேலே தையல் மெஷின், கீழே டி.வி. அங்கிருந்து மாட்டுங்கா, சயான் கல்லூரிகளுக்கு நடந்தே போகலாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் புத்தகம் விரிக்க இடமிருக்காது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால் மொழியும் சேர்ந்துகொள்கிறது. பாடம் புரியாததால் வாய் மூடி இருக்கிறாரா, ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டு இருக்கிறாரா என்று ஆசிரியருக்குத் தெரியாது. வகுப்பில் கேட்க முடியாதவர்கள் வகுப்பு முடிந்து தனியே போய்க் கேளுங்கள். இந்தியும் தமிழும் கலந்த ஆங்கிலத்தில் கேட்டாலும் நல்ல ஆசிரியர் முகம் சுளிக்கமாட்டார். செம்பூரிலும் வடாலாவிலும் சயானிலும் பல தலைமுறை தென்னிந்தியப் பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தலையங்கம் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் தேவையில்லை. தன் பாடத்தின் ஐம்பது அறுபது சொற்களைப் பிழையின்றி விளக்கத் தெரிந்தால் முதல் செமஸ்டரைத் தாண்டிவிடலாம்.

படிக்க இடமில்லாதவர்களுக்கு மராத்தியர் உருவாக்கிய நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது: அப்யாசிகா. சிறு கட்டணத்தில் அல்லது இலவசமாக இரவு வரை திறந்திருக்கும் படிப்பறை. மும்பையிலும் கல்யாண்-டோம்பிவிலியிலும் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறது. கல்யாணின் சார்வஜனிக் வாசனாலயம் 1864-லிருந்து இயங்கி வருகிறது. நம் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே போகத் தயங்குகிறார்கள், அது மராத்திக்காரர்களுக்கானது என்று. அப்படி எந்தப் பலகையும் அங்கே மாட்டவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விஷயம் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கு வசித்ததற்கான ஆதாரம் கேட்கிறார்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால் 1967 அக்டோபர் 13. அதற்குப் பின் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவரின் பேரப்பிள்ளை, இங்கே பிறந்து இங்கே படித்தும் பொதுப் பிரிவுக் கட்டணம் கட்டுகிறது. தமிழ்நாட்டின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாய் அங்குள்ள பள்ளிகளில் படித்தவர்களுக்குத்தான். இரண்டு பக்கமும் கதவு மூடியிருக்கிறது. ஆவணம் தேடித் தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்கும் நாட்கள் எல்லாம் எஃப்.ஒய். லெக்சர் நாட்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தாத்தாவின் பழைய பள்ளிச் சான்று, மில் அடையாள அட்டை, வாடகை ரசீது எதுவாக இருந்தாலும், பிள்ளை பத்தாவது படிக்கும்போதே தேடி எடுத்து வையுங்கள். இந்த அலைச்சல் பெற்றோர் செய்ய வேண்டியது; முதலாண்டு மாணவர் தலையில் வைக்க வேண்டாம். கல்லூரியில் சேர்ந்ததும் மகாடிபிடி தளத்தில் வேறு எந்த உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறது என்றும் பாருங்கள். வருமானத்தை வைத்துக் கிடைப்பவையும் அதில் உண்டு.

கல்யாணிலிருந்து பிலடெல்பியாவுக்கு

நம் ஊர்ப் பெண் ஒருவரின் முதலாண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. கல்யாணில் வளர்ந்த யமுனாவுக்கு ஒன்பது வயதில் திருமணம். தபால் துறையில் வேலை பார்த்த கணவர் கோபால்ராவ் ஜோஷி அவருக்கு ஆனந்திபாய் என்று பெயர் வைத்தார், எழுதப் படிக்கவும் கற்பித்தார். பதினான்கு வயதில் பிறந்த குழந்தை பத்து நாளில் இறந்தது. அந்தத் துயரத்தில் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1883-ல் கணவர் துணையின்றிக் கடல் கடந்து அமெரிக்கா போனார். பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது வயது பதினெட்டு.

அவர் அங்கே போனதற்கு ஒரு பெண்மணி காரணம். நியூ ஜெர்சியின் ரோசெல் ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பென்டர், பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது ஒரு மிஷனரி பத்திரிகையில் கோபால்ராவின் கடிதத்தைப் படித்தார். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஆனந்திபாய் கப்பலிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு அழைத்துப்போய், கல்லூரி திறக்கும் வரை தன் வீட்டிலேயே தங்க வைத்தார். குளிர், உணவு, உடை, பேச்சு எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்ள அந்த மாதங்கள் கிடைத்தன. கல்லூரியில் டீன் ரேச்சல் பாட்லி ஆதரவாக இருந்தார். படிப்புக் காலம் முழுவதும் உடல்நலம் சரியில்லை. ஆனாலும் 1886 மார்ச்சில் எம்.டி. பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில், 22 வயது நிறையும் முன்பே, காசநோயால் இறந்தார். பிழைத்திருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ.

ஆனந்திபாயின் மனவுறுதியைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. கார்ப்பென்டர் அம்மையாரைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்ததைத்தான் இன்று பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டமாக்கியிருக்கின்றன. தென் கரோலினா பல்கலைக்கழகம் 1972-ல் முதலாண்டு மாணவர்களுக்கென்றே 'யுனிவர்சிட்டி 101' என்று ஒரு பாடம் தொடங்கியது. நம் யு.ஜி.சி.யும் 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற அறிமுக நிகழ்ச்சியை எல்லாக் கல்லூரிகளுக்கும் பரிந்துரைத்தது. பல இடங்களில் அது விளக்கேற்றி, முதல்வர் பேசி, மதியத்தோடு கலைந்துவிடுகிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடும் வேண்டியதில்லை. வால்டன், கோஹன் என்ற இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எங்களுக்கும் இங்கே இடமில்லை என்றுதான் தோன்றியது, போகப் போகச் சரியாயிற்று என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையிலிருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் செமஸ்டரில் கேடி விழுந்தால் கத்தாதீர்கள், பெரியப்பா மகனோடு ஒப்பிடாதீர்கள். எந்தத் தாள், உள்மதிப்பீட்டிலா எழுத்துத் தேர்விலா, மறுதேர்வு எப்போது, யாரோடு உட்கார்ந்து படிக்கப் போகிறாய் என்று நான்கு கேள்வி கேளுங்கள். விடை தெரியாவிட்டால் பிள்ளையோடு கல்லூரிக்குப் போங்கள். பத்தாம் வகுப்பு வரை பள்ளி வாசலில் நின்ற நாம், கல்லூரியில் சேர்த்ததும் கடமை முடிந்தது என்று விலகிவிடுகிறோம்.

கடைசியாக நம் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். மும்பைத் தென்னிந்தியர்கள் 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியவர்கள். கையில் காசில்லாத காலத்திலும் பள்ளி, கல்லூரி கட்டியவர்கள். கல்யாண், டோம்பிவிலி, தாராவி, செம்பூர் எங்கும் ஒவ்வோர் ஆண்டும் பத்தாவது, பன்னிரண்டாவதில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்குப் பாராட்டு விழா நடத்துகிறோம். சால்வை, கேடயம், புகைப்படம். அது நடக்கட்டும். அதே மண்டபத்தை ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எஃப்.ஒய். மாணவர்களுக்காகத் திறந்துவிடுங்கள். அந்தந்தப் பாடத்தில் எஸ்.ஒய்., டி.ஒய்., அதாவது இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை அழையுங்கள், முக்கியமாகக் கேடி வாங்கித் தேறியவர்களை. கிரெடிட் அட்டவணையை அவர்கள் விளக்கட்டும். யார் எந்த வண்டியில் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, ஒரே பாடக்காரர்களைச் சேர்த்துவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் மறுபடி ஒரு ஞாயிறு கூடுங்கள். தேநீர்ச் செலவு தவிர வேறு செலவில்லை. இந்த ஆண்டே தொடங்கலாம்.